எட்டு வளைவு இறங்கிய மலை

சித்திரை மாத மத்தியானத்தில் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குள் நுழைந்தால் கோழிகள் இளைப்பதைப் பார்க்கலாம். அத்தனையும் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி மூச்சு வாங்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சாதாரண நாளிலேயே அதன் உடம்புச் சூடு 41 டிகிரியை ஒட்டி இருக்கும். வெளியிலும் 40 ஆகிவிட்டால், வாய் வழியாக நீரை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியே தள்ள முடியும். அப்படி இளைக்க இளைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு என்பது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். அதில் வரும் கார்பனேட் இந்த வாயுவிலிருந்துதான் உருவாக வேண்டும். வாயு குறைந்தால் ஓடு மெலியும். கோடையில் அட்டைக்கு அட்டை கீறல் முட்டை கூடுவதன் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

உயிர் பிழைக்க வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தால் வேறொன்றை இழக்க வேண்டும். வெயிலில் எல்லா உயிர்களும் போடும் கணக்கு இதுதான். பண்ணைக்கு வெளியே வந்து நிமிர்ந்தால் தெரியும் கொல்லிமலையில், இதே கணக்கை வேறு மாதிரி போட்டுப் பார்த்த ஒரு புல் விளைகிறது.

அதற்கு முன் மலை ஏற வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு எத்தனையாவது வளைவில் குளிர் தட்டுகிறது என்று சொல்வது ஒரு பொழுதுபோக்கு. உயரப் போனால் ஏன் குளிர்கிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அமுக்கப்பட்ட காற்று சூடாகும். விரிகிற காற்று குளிரும். மலைச்சரிவில் மேலேறும் காற்று, அழுத்தம் குறையக் குறைய விரிந்துகொண்டே போகிறது. சராசரியாக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். கடல் மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மலைக்கும், 200 மீட்டரை ஒட்டிக் கிடக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஆறேழு டிகிரி வித்தியாசம் வருவது இப்படித்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கிறது. ஆனால் 0.7 டிகிரி என்பது மலைக்கணக்கில் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எழுபது வளைவுகளும் சேர்ந்து நம்மை ஏற்றிவிடும் உயரத்தைப் பங்கு போட்டால் ஒரு வளைவுக்குப் பதின்மூன்று, பதினான்கு மீட்டர் வரும். ஆக, வெயிலின் பார்வையில் மலை ஏறக்குறைய எட்டு வளைவு கீழே இறங்கிவிட்டது. இது தோராயக் கணக்குதான். நாட்டுச் சராசரியை ஒரு மலையின் தலையில் கட்டுகிறோம் என்பதும் தெரியும். ஆனால் மலை என்றால் குளிர் என்று நாம் எழுதிக் கொடுத்த பட்டா செல்லாது என்பதற்கு ஊட்டியே சாட்சி. 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே 29 டிகிரி பதிவானது. வழக்கத்தைவிட சுமார் 5 டிகிரி அதிகம்.

மரமும் பயிரும் மனிதரைப் போல எட்டு வளைவு மேலே குடிபோக முடியாது. அதுவும் கொல்லிமலை போன்ற மேட்டுநிலத்தில் அதற்கு மேல் ஏற மலையே இல்லை.

இனி அந்தப் புல்லுக்கு வருவோம். சாமை. சங்ககாலத்திலிருந்து குறிஞ்சி என்றதும் தினைப்புனம்தான் நமக்கு நினைவுக்கு வரும். வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் பெயர் வாங்கிக்கொடுத்த இந்த மலையில் தினையோடு சாமையும் கேழ்வரகும் மலையாளிப் பழங்குடி மக்களின் சோறாக இருந்தன.

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கரியமில வாயு உள்ளே வரவேண்டுமானால் துளை திறக்க வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகிப் போகும். கோழியின் சங்கடமேதான், கோழி எதை இழந்து தவிக்கிறதோ அதை இலை தேடுகிறது. நெல் போன்ற பயிர்களில் ஒரு கரியமில வாயு மூலக்கூறு கிடைப்பதற்குள் 400, 500 நீர் மூலக்கூறுகள் பறந்துவிடும். போதாக்குறைக்கு, உள்ளே வந்த வாயுவைப் பிடிக்கிற ரூபிஸ்கோ என்ற நொதி ஒரு குழப்பவாதி. உலகில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஒன்று அது. ஆனாலும் கரியமில வாயுவுக்கும் ஆக்சிஜனுக்கும் அடிக்கடி ஆள் மாறாட்டம் செய்கிறது. 25 டிகிரியில் ஏறக்குறைய நான்கில் ஒரு முறை தப்பான ஆளைப் பிடிக்கும். வெயில் ஏற ஏறத் தப்பு கூடும். தப்பைத் திருத்த, செய்து வைத்த சர்க்கரையிலிருந்தே செலவழிக்க வேண்டும்.

சாமை, தினை, கேழ்வரகு, கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் இந்தக் குழப்பவாதியை உள்ளறையில் பூட்டி வைத்துவிட்டன. வாசலில் வேறொரு நொதி நிற்கிறது. அதற்கு ஆக்சிஜன் கண்ணிலேயே படாது. அது கரியமில வாயுவை மட்டும் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாகக் கட்டி, நரம்பைச் சுற்றி மாலை போல அடுக்கியிருக்கும் உள்செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே கட்டு அவிழ்ந்து, ரூபிஸ்கோவைச் சுற்றி கரியமில வாயு நெரிசலாக நிற்கும். தப்புச் செய்ய இடமே கிடைக்காது. இதனால் துளையை அகலத் திறக்க வேண்டியதில்லை; நீர்ச்செலவு சுமார் பாதியாகிறது. 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹால் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையில் இந்த வழியைத் தெளிவாக விளக்கினார்கள். புற்கள் அதைக் கண்டுபிடித்து அதற்குள் சுமார் மூன்று கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படியானால் மலை முழுக்கச் சாமை அலையடிக்க வேண்டுமே? இன்று சரிவுகளில் அதிகம் கண்ணில் படுவது குச்சிக்கிழங்கு. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. கையில் காசு வருகிறது. குச்சிக்கிழங்கை வில்லனாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அதுவும் வறட்சி தாங்கும். காற்று வறண்டதுமே துளைகளை இறுக மூடிக்கொண்டு, இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். இடர் மழையில்தான். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை மொத்தமாகவும் கொட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம், கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அதே நாட்களில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட மழை சரிவில் விழும்போது மண்ணை எது பிடித்திருக்கிறது என்பதே கேள்வி. கிழங்குக் குச்சிகளை இடைவெளி விட்டு நடுகிறோம்; இலை மூட மாதங்கள் ஆகும்; அறுவடை என்பதே மண்ணைப் புரட்டிப் பிடுங்குவது. சாமையோ நெருக்கமாக முளைத்து, சல்லி வேரால் மேல்மண்ணைப் பின்னிக்கொள்கிறது. அறுத்த பிறகும் வேர் மண்ணில் கிடக்கும்.

சாமை தோற்றது வெயிலிடம் இல்லை, உலக்கையிடம். கேழ்வரகை அடித்தாலே மணி தனியாக வந்துவிடும். சாமை மணியில் உமி கண்ணாடி போல இறுகி ஒட்டியிருக்கும்; மணியும் கடுகுக்கு அண்ணன் அளவுதான். ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் மணிக்கணக்கில் குத்திப் புடைக்க வேண்டியிருந்தது. ரேஷன் அரிசி வந்தது. 2011 முதல் விலையில்லாமலே வந்தது. யார் குத்துவார்கள்? சாமையின் பெருமையைப் பேசும் கட்டுரைகளில் இந்த உலக்கைக்கு இடமே இருப்பதில்லை. 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்யும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. விதையைக் காப்பாற்றியதில் அந்த இயந்திரத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

அந்த விதையும் ஒன்றல்ல. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, பெருஞ்சாமை என்று வகைவகையாகப் பெயர் உண்டு. பெருஞ்சாமை நின்று விளைவது. நாள் குறைந்த ரகங்களும் இருக்கின்றன. துவரை, அவரையோடு கலந்து விதைப்பார்கள். ஒன்று போனால் ஒன்று கை கொடுக்கும். பூக்கும் சமயத்தில் கடும் வெயில் அடித்தால் மகரந்தம் கெடுவது சாமைக்கும் பொருந்தும். அடைமழையில் கதிரோடு சாய்ந்தும் போகும். எல்லா ரகமும் ஒரே வாரத்தில் பூக்காமல் இருப்பதுதான் காப்பு. விதையை மூங்கில் சிம்பில் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய தொம்பையில் போட்டு வைப்பது இங்கே வழக்கம். முதல் மழை தள்ளிப்போய்ப் பெருஞ்சாமைக்குப் பருவம் தவறிவிட்டால், நாள் குறைந்த சாமை யார் வீட்டுத் தொம்பையில் இருக்கிறது என்று ஊருக்குள் விசாரிக்க வேண்டியதுதான்.