மல்லிகைக்கு என்ன குணம்?

பூ வாசனை சென்ட் போடும் பெண் மென்மையானவள், காதல் மனம் கொண்டவள். கஸ்தூரி மணத்தை விரும்புபவள் துணிச்சல்காரி. எலுமிச்சை வாசம் தேடுபவள் சுறுசுறுப்பானவள். சென்ட் விளம்பரங்கள் பல காலமாகப் பெண்களை இப்படித்தான் பிரித்து அடுக்குகின்றன. மணத்துக்கும் குணத்துக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டா? மல்லிகையை வைத்துப் பார்க்கலாம். பேர்பெற்ற பெண்கள் சென்ட்டுகள் பலவற்றின் உயிர் அதுதான். அதில் ஒரு பங்கு நம் கோவை, சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கப்பலேறுகிறது.

குண்டுமல்லியை மொட்டாகவே பறிப்பார்கள். ஆலைக்கு வந்து சேர்ந்த மொட்டுகளை உடனே உள்ளே தள்ளுவதில்லை. பொழுது சாய்ந்து மொட்டு அவிழும்வரை காத்திருந்து, இரவில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். மல்லிகை தன் மணத்தை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதில்லை. மலரும் நேரத்தில்தான் அதை உண்டாக்குகிறது. செடியைவிட்டுப் பிரிந்த பிறகும் பல மணி நேரம் அந்த வேலை நடக்கிறது. தலையில் வைத்த சரம் இரவு ஏற ஏற மணப்பதற்கும் இதுவே காரணம். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிட வெள்ளை நிறம் மட்டும் போதாது; மணமும் வேண்டும்.

விரிந்த பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்தால் மெழுகு போல ஒரு பொருள் கிடைக்கும். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் மிஞ்சுவதுதான் சென்ட்காரர்கள் ‘அப்சொல்யூட்’ என்று சொல்லும் அடர்ந்த சாறு. அதில் ஒரு கிலோ எடுக்க ஏறக்குறைய ஒரு டன் பூ வரை தேவைப்படும்.

அந்தச் சாற்றைப் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள். பழ வாசம் தரும் பென்சைல் அசிடேட் அவற்றில் முக்கியமானது. கூடவே இண்டோல். இந்த இண்டோல் மனித மலத்திலும் இருக்கிறது. செறிவு கூடினால் மூக்கைப் பொத்தவைக்கும். மிகச் சிறிய அளவில், மற்ற மணங்களோடு சேரும்போது பூவுக்கு ஒரு கனத்தையும் உடலின் வெதுவெதுப்பையும் கொடுக்கும். இண்டோலை எடுத்துவிட்டால் மல்லிகை சோப்பு வாசனையாகச் சப்பென்று போய்விடும். மென்மையின் அடையாளம் என்று விற்கப்படும் பூவின் நடுவில் இருப்பது அழுகலோடும் கழிவோடும் தொடர்புள்ள ஒரு மூலக்கூறு என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

குணம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதற்குப் பாரிஸின் கதையே போதும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ‘கௌரவமான’ குடும்பப் பெண்கள் ஒற்றைப் பூவின் மெல்லிய மணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கனமான மல்லிகையும் கஸ்தூரியும் மேடை நடிகைகளுக்கும் செல்வந்தர்களின் ஆசைநாயகிகளுக்கும் உரியவை என்று கருதப்பட்டன. 1921இல் வந்த ‘ஷனேல் எண் 5’ அந்தக் கோட்டை அழித்தது. அதை உருவாக்கிய எர்னஸ்ட் போ மல்லிகையையும் ரோஜாவையும் ஆல்டிஹைடுகள் என்ற செயற்கைப் பொருட்களோடு கலந்தார்; எந்தப் பூ என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மணம் பிறந்தது. 1930இல், உலகப் பொருளாதாரம் சரிந்துகிடந்த வேளையில், ழான் பட்டூ நிறுவனம் ‘ஜாய்’ என்ற சென்ட்டை வெளியிட்டது. 30 மில்லி புட்டிக்கு 10,600 மல்லிகைப் பூக்களும் 28 டஜன் ரோஜாக்களும் என்பது அதன் புகழ்பெற்ற விளம்பரம். இருபது முப்பது ஆண்டுகளுக்குள் மல்லிகை மணம் ஆசைநாயகியின் அடையாளத்திலிருந்து சீமாட்டியின் பெருமையாக மாறிவிட்டது. பூவின் மூலக்கூறு ஒன்றுகூட மாறவில்லை.

அதே பூ நம் ஊரில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மங்கலம். கணவனை இழந்த பெண்ணுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது; இன்றும் பல வீடுகளில் மறுக்கப்படுகிறது. அந்தக் கொடுமைக்கும் பூவின் வேதியியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

‘பெண்களுக்கான மணம்’ என்பதும் இப்படி ஒட்டிய முத்திரைதான். மல்லிகையை ஆராய்ந்த வேதியியலாளர்கள் அதன் மணப்பொருளை ஒட்டி ‘ஹெடியோன்’ என்ற செயற்கைப் பொருளை உருவாக்கினார்கள். மல்லிகையின் காற்றோட்டமான, இண்டோல் கனமில்லாத முகம் அது. அதை உலகறியச் செய்தது 1966இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா உருவாக்கிய டியோரின் ‘ஓ சோவாஜ்’. அது ஆண்களுக்கான சென்ட்!

மூக்கின் பக்கம் வருவோம். மணத்தை அறியும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் கண்டறிந்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களிடம் இந்த ஏற்பிகள் சுமார் 400 வகை. எல்லாருக்கும் அவை ஒன்றுபோல இருப்பதில்லை. ரோஜாவிலும் வயலெட் பூவிலும் உள்ள பீட்டா அயனோன் என்ற பொருளை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு மரபணுவின் சிறு வேறுபாட்டால் சிலருக்கு அது பூவாக மணக்கிறது. சிலருக்குப் புளித்த நெடியாக அடிக்கிறது. ஒரே புட்டியைத் திறந்த இரண்டு பேர் இரண்டு வேறு மணங்களை முகர்கிறார்கள் என்றால், அதற்கு ஒரே குணத்தை எப்படி எழுதிவைப்பது?

மூளை தன் பங்குக்கு நினைவைச் சேர்க்கிறது. மணச் செய்தி மற்ற புலன்களைப் போலத் தலாமஸ் வழியாகச் சுற்றிவராமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை நேரே தொடுகிறது. நிலசம்பங்கியில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வலித் தைலத்தின் அந்த நெடிக்கும் காரணம் அதுவே. 1960களில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் இந்தப் பொருளின் வாசனை பலருக்குப் பிடிக்கவில்லை. 1970களில் அமெரிக்காவில் மிகவும் பிடித்திருந்தது. பிரிட்டனில் அது மருந்தின் வாசனை, அமெரிக்காவில் மிட்டாயின் வாசனை என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அப்படியானால் மணம் ஆளைப் பற்றி எதுவுமே சொல்லாதா? கொஞ்சம் சொல்கிறது. ஆனால் அது புட்டியில் இல்லை, உடம்பில் இருக்கிறது. 2012இல் வெளியான போலந்து ஆய்வில் 60 பேர் வாசனைப் பொருள் எதுவும் பூசாமல் மூன்று இரவுகள் ஒரே பருத்திச் சட்டையோடு தூங்கினார்கள். அந்தச் சட்டைகளை முகர்ந்த முன்பின் தெரியாதவர்கள், அவர்களின் பதற்றக் குணம், கலகலப்பு, ஆதிக்க இயல்பு ஆகியவற்றைக் குருட்டு ஊகத்தைவிடச் சற்றே சரியாகக் கணித்தார்கள். சற்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன். இதை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

செக் நாட்டில் அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு சென்ட் வாங்குபவர்களுக்கு நேரடியாக உதவும். ஒருவர் தனக்கென்று தேர்ந்தெடுத்த சென்ட், அவருடைய உடல் வாசனையோடு கலந்தபோது, ஆய்வாளர்கள் கொடுத்த சென்ட்டைவிட முகர்ந்தவர்களுக்கு இனிமையாக இருந்தது. சென்ட்டுகளைத் தனியாக முகரச் செய்தபோதோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. தன் உடம்புக்குப் பொருந்துவது எது என்பது மூக்குக்கு ஏதோ ஒரு வகையில் தெரிந்திருக்கிறது.

ஆகவே கடையில் நீட்டும் காகிதப் பட்டையை மட்டும் முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். காகிதத்தில் உங்கள் வியர்வையும் சருமத்தின் எண்ணெயும் இல்லை. மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிக்கொண்டு வெளியே வாருங்கள். எலுமிச்சை போன்ற லேசான மணங்கள் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். மல்லிகையும் ரோஜாவும் அதற்குப் பிறகுதான் முழுதாகத் தெரியவரும். சந்தனமும் கஸ்தூரியும் மறுநாள்கூட லேசாகத் தங்கியிருக்கும். ஒரு பகல் கழிந்த பிறகும் அந்த வாசம் உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள். பெட்டியின் மேல் எந்தப் பெண்ணின் குணம் அச்சாகியிருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம்.