பழைய ஜீப் வாங்கும் முன்...

மறையூர், கோவில்கடவு, காந்தளூர் பக்கம் நிலம் நீச்சு உள்ள நம் அன்பர்களில் பலருக்கு ஒரு ஜீப் வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் உண்டு. வெளியூரில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்துடன் ஊர் திரும்பும்போது முதலில் தேடுவதும் அதைத்தான். ஆடம்பரத்துக்காக அல்ல. கரும்புக் காட்டிலிருந்து வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கும், பூண்டு விளையும் மேட்டு நிலங்களுக்கும், மழை பெய்தால் சேறாகும் மண் பாதைகளில் வேறு எந்த வண்டியை நம்பிப் போவது?

ஆனால் எம்.எம். 540, மேஜர், கமாண்டர் போன்ற பழைய மகேந்திரா மாடல்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. ஆகவே கைமாறி வருவதெல்லாம் வயதான வண்டிகள். தரகர் ஒருவர் பளபளவென்று பெயின்ட் அடித்த ஜீப்பைக் காட்டி, "வண்டி கல்லு மாதிரி இருக்குங்க, அப்படியே எடுத்துட்டுப் போகலாம்" என்பார். புதுப் பெயின்டைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. அது எதை மறைக்கிறது என்ற கேள்விதான் வருகிறது.

மலையில் முப்பது வருடம் ஓடிய ஜீப் பெரும்பாலும் ஒரே வண்டியாக இருப்பதில்லை என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். ஒரு வண்டியின் சேஸிஸ், இன்னொன்றின் என்ஜின், மூன்றாவது ஒன்றின் கியர் பாக்ஸ், உள்ளூர்ப் பட்டறையில் கட்டிய பாடி என்று சேர்ந்திருக்கும்.

விமான உலகில் இந்தச் சங்கடம் குறைவு. நம் இடுக்கி மாவட்டத்திலேயே வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் ஓடுதளத்தில் 2022 டிசம்பர் 1 அன்று என்.சி.சி.யின் இலகு ரக விமானம் முதன்முறையாக இறங்கியது. அப்படிப்பட்ட சிறு விமானம் பழையதாக விற்பனைக்கு வந்தால், வாங்குபவர் என்ஜினைத் தொடுவதற்கு முன் பதிவேட்டைக் கேட்பார். எந்த நாளில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எத்தனை மணி நேரம் பறந்தது, யார் சரிபார்த்துக் கையெழுத்திட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அனுமதியில்லாமல் செய்த மாற்றம் ஒன்று இருந்தாலும் அது பறக்கத் தகுதியற்றதாகிவிடலாம். ஜீப்புக்கு அப்படிப் பதிவேடு கிடையாது. இருப்பது ஆர்.சி. ஒன்றுதான். எனவே அந்தத் தாளையும் இரும்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நம் முதல் வேலை.

சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணை மண்ணும் கிரீஸும் போகத் துடைத்துவிட்டு, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகளின் அளவும் இடைவெளியும் ஒரே மாதிரி இல்லை என்றாலோ, சுற்றிலும் ராவிய தடமோ வெல்டிங் தடமோ தெரிந்தாலோ அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம். என்ஜின் எண், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, பாடியின் வகை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெட்ரோல் ஜீப்பில் டீசல் என்ஜின் ஏற்றியிருப்பார்கள், ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும்.

"எல்லாரும் செய்வதுதானே" என்று இதைத் தள்ளிவிட முடியாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. அதே கம்பெனியின் அதே வகை என்ஜினைப் போட்டிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதியாத மாற்றம் உள்ள வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடம் கிடைத்துவிடும். நிலத்தை விற்று நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

அடுத்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். வேட்டி அழுக்காகும் என்று கூச்சப்பட்டால் ஆகாது. முன்புற ஸ்பிரிங் பிளேட்டுகள் சேஸிஸோடு சேரும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்திய இடம் ஆகிய இரண்டிலும்தான் விரிசல் விழும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருவேறியது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். ஆள் அதிகம் ஏற்றுவதற்காகச் சேஸிஸை நடுவில் வெட்டி, துண்டு வைத்து நீட்டிய வண்டியும் உண்டு. வெட்டி ஒட்டிய சேஸிஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நான்கு சக்கர இழுவை இருப்பதாகச் சொன்னால், லீவர் இருப்பதை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவோர் பலர். கீழே பார்த்தாலே தெரிந்துவிடும். இருந்தால், தார் சாலையில் அல்லாமல் ஈர மண் மேட்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் கிங் பின்னோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது.

என்ஜினைப் பற்றி நம் மெக்கானிக்குகள் நன்றாகவே சொல்வார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் போகும்போது வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் விடியற்காலையில் சொல்லாமல் போங்கள். மறையூர்க் குளிரில் முதல் ஸ்டார்ட் எப்படி என்பதே சரியான பரீட்சை. நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியேறினால் பிஸ்டன் ரிங்குக்கு வயதாகிவிட்டது.

ஓட்டிப் பார்ப்பது பஜாரைச் சுற்றி அல்ல. காந்தளூர் ஏற்றத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய், இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். பெரிய என்ஜின் மாற்றியவர்கள் அதற்கேற்பப் பிரேக்கை மாற்றுவதில்லை. ஏறும்போது சிங்கம், இறங்கும்போது ஆபத்து. சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டு, ஐந்து நிமிடம் காத்திருங்கள். அந்த நேரத்தில் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

விலை பேசும்போது ஆர்.சி. புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் மேலும் கூட்டினார்கள். பசுமை வரி தனி.

உடுமலைப் பக்கத்தில் விலை குறைவு என்று சின்னாறு செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டு வண்டியைக் கொண்டுவருவோர், முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் 28ஆம் நம்பர் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கித் தரச் சொல்ல வேண்டும். பைனான்ஸ் பாக்கி இருந்தால் அந்தச் சான்று கிடைப்பது கடினம். அப்போதே விஷயம் வெளியே வந்துவிடும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வண்டி ஓடுவதானால் கேரள நம்பருக்கு மாற்றியாக வேண்டும். மறையூர்க்காரர்களுக்கு அது தேவிகுளம் அலுவலகத்தின் கே.எல். 68. அங்கே இன்ஸ்பெக்டரும் அதே சேஸிஸ் எண்ணைத்தான் முதலில் தேடுவார்.