நாயும் ஏறட்டும் பேருந்தில்!

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம், கூரத்தாழ்வான் பிறந்த ஊர். இராமானுசருக்காகச் சோழன் அவைக்குச் சென்று கண்ணிழந்தார் அவர் என்பது வைணவர் கூறும் வரலாறு. அந்தக் கதையை ஆராய்வது இன்று நம் வேலையன்று. கண்ணிழந்தவர் தெருவைக் கடந்தால் கைகொடுக்க நாலு பேர் வருகிறார்கள். கால் தள்ளாடி வருபவரைக் கண்டால்? “காலையிலேயே குடித்துவிட்டான்” என்று சிரிக்கிறார்கள்!

அவர் குடிகாரரல்லர். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை கேடுற்றதால் வருகிற நோய் அது. மருத்துவர்கள் அட்டாக்சியா என்கிறார்கள். காலில் வலு இருக்கும், இசைவு இராது. கை நாடா தள்ளும்போது கால் மிதிக்கத் தவறினால் தறி என்னாகும் என்று காஞ்சி நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுமா?

அமெரிக்க நாட்டில் இத்தகையோருக்காக நாய்களைப் பழக்குகிறார்கள். கிரேட் டேன் போன்ற பெரிய நாய்கள். முதுகில் வார்ப்பட்டை, அதில் உறுதியான கைப்பிடி. பிடித்திருப்பவர் ஒருபுறம் சாய்ந்தால் நாய் மறுபுறம் அழுத்திச் சமன் செய்கிறது. விழுந்தால் அசையாமல் நிற்கிறது, பற்றி எழுகிறார். 1990-இல் இயற்றிய சட்டத்தின்கீழ் 2010-இல் வந்த விதிகள், நிலைதடுமாறுவோர்க்கு உடற்துணையாவதும் நாயின் பணியே என்று எழுதியே வைத்திருக்கின்றன. கடையோ பேருந்தோ அந்த நாயைத் தடுக்கலாகாது.

இங்கே? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை எண்ணுகிறது. பயிற்சி பெற்ற நாயைப் பற்றி ஒரு வரி இல்லை. பைரவரின் வாகனம் என்று கல்லில் செதுக்கிக் கோயிலில் நிறுத்துவார்களாம். உயிரோடு வந்தால் கல்லெடுத்து எறிவார்களாம்!

தெருநாய்த் தொல்லை போதாதா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், தெருநாய்க் கூட்டம் முதலில் பாய்வது இந்தப் பழகிய நாயின் மீதுதானே? அத்தொல்லையை ஒழிப்பதும் இதனோடு சேர்ந்த வேலை.

நம் இராசபாளையம் நாய் வேட்டைக்கென்று வளர்ந்த மெலிந்த உடல். ஆள் பாரம் தாங்குமா? தாங்காவிடில் எந்த இனம் தாங்கும்? 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ந்து சொல்லட்டும், பழக்கவும் முன்வரட்டும்.

2021-இல் கழக அரசு, மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் உதவியாளர் ஒருவருக்கும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் அளித்தது. பாராட்டினோம். அந்த ‘உதவியாளர்’ நான்கு காலோடும் வரலாம் என்று ஆணையில் ஒரு வரி சேர்க்கக் கேட்கிறோம். நடத்துநர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் வேண்டும்.