கர்ப்பகால நிறை: ஊர் திரும்பிய பின்னும் கவனியுங்கள்

முகாமிலிருந்து ஊர் திரும்பியதும் காணி துப்புரவாக்குவது, கிணறு இறைப்பது, கொட்டில் போடுவது என்று நாட்கள் போய்விடும். இந்த நேரத்தில் கர்ப்பிணித் தாய்மார் பலர் கிளினிக் போகத் தவறிவிடுகின்றனர். தாயின் நிறை போதியளவு கூடாவிட்டால், பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் ஆபத்து அதிகரிக்கும்.

எவ்வளவு கூட வேண்டும்?

முதல் 12 வாரங்களுக்குள் உங்கள் உயரமும் நிறையும் அளக்கப்பட்டு, உடற்திணிவுச் சுட்டி கணிக்கப்படும். அதன்படி கர்ப்பகாலம் முழுவதும் கூடவேண்டிய நிறை:

• 18.5 இற்குக் குறைவு: 12.5 – 18 கிலோ
• 18.5 – 24.9: 11.5 – 16 கிலோ
• 25 – 29.9: 7 – 11.5 கிலோ
• 30 உம் அதற்கு மேலும்: 5 – 9 கிலோ

உதாரணமாக, 150 செ.மீ. உயரமும் 40 கிலோ நிறையும் உள்ள தாயின் சுட்டி 17.8. பிரசவத்துக்கு முன் அவர் குறைந்தது 52.5 கிலோ ஆக வேண்டும். முதல் மூன்று மாதங்களில் நிறை சிறிதளவே கூடும். அதன்பின் மெலிந்த தாய்க்கு வாரம் அரைக் கிலோவும், சாதாரண நிறையுள்ள தாய்க்கு ஏறத்தாழ 400 கிராமும் கூட வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் எனின் இந்த அளவுகள் மாறும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஊர் வந்தவுடன் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். முகாமில் தந்த கர்ப்பவதிப் பதிவேட்டைக் காட்டுங்கள்.
• பதிவேடு தொலைந்துவிட்டதா? வெட்கப்பட்டு நின்றுவிடாதீர்கள். இன்று நிறுத்துப் பதிந்தால், இனி வாராவாரம் எவ்வளவு கூடுகிறது என்பதைப் பார்க்கலாம்.
• செருப்பைக் கழற்றி, இயன்றவரை ஒரே தராசில் நிறுங்கள்.
• “பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்” என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சோற்றுடன் பருப்பு, பயறு, முட்டை, நெத்தலி, முருங்கை இலை சேர்த்துக்கொள்ளுங்கள்.
• கிளினிக்கில் தரும் திரிபோஷா தாய்க்கு உரியது. அவருக்குப் போதுமானது கிடைக்கிறதா என்று வீட்டார் பார்க்க வேண்டும்.

உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்

ஒரு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் திடீரெனக் கூடினால், அது உடலில் நீர் தேங்குவதாலும் இருக்கலாம். முகம், கை வீக்கம், கடும் தலையிடி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறியாகலாம். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள். நிறை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள்.