குழந்தையின் உயர வளர்ச்சி: அளப்பதும் அறிவதும்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நீளம் ஏறக்குறைய 50 செ.மீ. இருக்கும். முதல் பிறந்தநாளுக்குள் அது 75 செ.மீ. அளவுக்கு உயர்ந்துவிடும். பிறந்த பிறகு வேறு எந்த ஆண்டிலும், பருவ வயதின் உச்சத்தில்கூட, உடல் இந்த வேகத்தில் வளர்வதில்லை. ஆனாலும் வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி எடையைப் பற்றியதுதான். இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் குறையும் எடை, அடுத்த வாரமே மீண்டுவிடலாம். நீளம் அப்படி ஏறி இறங்குவதில்லை. அது நின்றுபோயிருந்தால், குழந்தையின் உடலுக்குப் பல வாரங்களாக, பல மாதங்களாக ஏதோ போதவில்லை என்று பொருள். நீண்டகால நலத்தைக் காட்டுவதில் நீளத்துக்கு எடையைவிட முக்கிய இடம் உண்டு.

வளர்ச்சியின் வேகம்

முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 3.5 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் சுமார் 2 செ.மீ., அதன்பின் ஓராண்டு முடியும்வரை மாதத்துக்கு ஒன்றரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வளர்ச்சி இருக்கும். இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 12 செ.மீ. நான்கு வயதையொட்டி, பிறந்தபோதிருந்த நீளம் இரு மடங்காகிறது.

இந்த வேகம் நாள்தோறும் ஒரே சீராக ஓடுவதில்லை. பல நாட்கள் மாற்றமே இல்லாமலிருந்து, பிறகு சட்டென்று நீளும் போக்கு குழந்தைகளிடம் காணப்படுவதாக மிஷெல் லாம்பல் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. வாராவாரம் அளந்து கவலைப்படுவதில் பயனில்லை. தடுப்பூசிக்குச் செல்லும் நாட்களில் அளந்தாலே போதும்.

சரியாக அளப்பது எப்படி?

தவறான அளவு, அளக்காமல் இருப்பதைவிடக் கேடானது. நன்றாக வளரும் குழந்தையைக் குறையுள்ளதாகவும், பின்தங்கிய குழந்தையை நலமாக இருப்பதாகவும் அது காட்டிவிடும். தையல் நாடாவைப் பாயில் விரித்து அளந்தால் ஒன்றிரண்டு செ.மீ. பிழை எளிதில் வந்துவிடும். ஒரு வயதுக் குழந்தைக்கு அது ஒரு மாத வளர்ச்சிக்குச் சமம்.

இரண்டு வயதுவரை குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். இதற்கென உள்ள அளவுப் பலகையில் தலைப்பக்கம் நிலையான தடுப்பும், கால்பக்கம் நகரும் தடுப்பும் இருக்கும். அளக்க இருவர் தேவை. ஒருவர் தலையைத் தடுப்போடு ஒட்டி, குழந்தையின் பார்வை நேர்மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்கிறார். மற்றவர் முழங்கால்களை மெல்ல அழுத்தி நீட்டி, பாதங்கள் செங்குத்தாகப் படியும்படி நகரும் தடுப்பைச் சேர்த்து, மில்லிமீட்டர் வரை படிக்கிறார். சாக்ஸ், தொப்பி, கொண்டை, தலையணி எதுவும் இருக்கக் கூடாது. குழந்தை உதைத்து அழுதால் சற்று ஆறவிட்டு மறுபடி அளப்பதே முறை.

இரண்டு வயதுக்குப் பிறகு நிற்கவைத்து அளக்கலாம். நிற்கும்போது வரும் அளவு, படுத்த நிலையின் அளவைவிடச் சுமார் 0.7 செ.மீ. குறைவாக இருக்கும். அந்த வயதில் குழந்தை திடீரெனக் குறுகிவிட்டதுபோலத் தோன்றினால் பெரும்பாலும் இதுவே காரணம்.

வளர்ச்சி வரைபடத்தைப் படித்தல்

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்தது. அதிலிருந்து உருவான அளவுகோல் 2006-இல் வெளியானது. போதிய உணவும் நலமும் கிடைத்தால் எந்த நாட்டுக் குழந்தையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி வளரும் என்பது அதன் முக்கியமான முடிவு. இந்தியக் குழந்தைகள் இயல்பிலேயே குட்டை என்ற சமாதானம் இந்த வயதில் செல்லாது.

அந்த அளவுகோலின்படி நடுநிலை நீளம் ஆறு மாதத்தில் ஆணுக்கு 67.6, பெண்ணுக்கு 65.7 செ.மீ.; ஒரு வயதில் 75.7, 74.0, இரண்டு வயதில் 87.8, 86.4.

வரைபடத்தின் கோடுகள் மதிப்பெண்கள் அல்ல. 15-ஆவது சதமானக் கோட்டில் இருக்கும் குழந்தையைவிட நீளம் குறைந்தோர் நூற்றுக்குப் பதினைந்து பேர் என்பது மட்டுமே அதன் பொருள். மாதாமாதம் அதே கோட்டையொட்டி வளர்ந்தால் அந்தக் குழந்தை நலமாகவே இருக்கிறது. 85-ஆவது கோட்டிலிருந்து சரிந்துகொண்டே வரும் குழந்தைதான் கவனத்துக்குரியது. ஒற்றை அளவைவிடப் புள்ளிகளை இணைக்கும் கோட்டின் போக்குதான் உண்மையைச் சொல்லும்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. பிறந்தபோதுள்ள நீளம் கருப்பையின் சூழலைப் பொறுத்தது. அதன்பின் பெற்றோரின் மரபு மேலோங்குகிறது. ஆகவே ஆறு முதல் பதினெட்டு மாதங்களுக்குள் குழந்தை ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, பிறகு அதிலேயே நிலைப்பது இயல்பாக இருக்கலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு, முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்து வரும் வயதையே இரண்டு ஆண்டுவரை கணக்கில் கொள்ள வேண்டும்.

வளர்ச்சி குன்றுதல்

வயதுக்குரிய நடுநிலையிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்கும் கீழே நீளம் இருந்தால், வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளப்படுகிறது. ஒரு வயதில் ஆணுக்கு 71.0, பெண்ணுக்கு 68.9 செ.மீ. என்பது அந்த எல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேரும், தமிழ்நாட்டில் 25 சதவீதம் பேரும் இந்த எல்லைக்குக் கீழே இருந்தனர். நால்வரில் ஒருவர் என்பது ஆறுதல் தரும் கணக்கல்ல.

இது பெரும்பாலும் கருவுற்ற நாள் முதல் இரண்டு வயதுவரையான ஆயிரம் நாட்களில் நேர்கிறது. தாயின் ரத்தசோகையும் ஊட்டக்குறைவும், இணையுணவு தாமதமாவதும் நீர்த்துப்போவதும், மீண்டும் மீண்டும் வரும் வயிற்றுப்போக்கும் முதன்மைக் காரணங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு பருப்பு சேர்த்து மசித்த சோறு, முட்டை, மீன், கீரை, பழம் எனப் பலவகை உணவு வேண்டும். வெறும் கஞ்சித் தண்ணீரும் ரசச் சோறும் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது. எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது கை கால்களை இழுத்துவிடுவதாலும் உயரம் கூடுவதில்லை. மென்மையாகத் தடவினால் போதும். வலிந்து இழுப்பது ஆபத்து.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

கோடு தட்டையாகிவிட்டால், அடுத்தடுத்த அளவுகளில் இரண்டு முக்கியக் கோடுகளைத் தாண்டிச் சரிந்தால், அல்லது நீளம் குன்றிய எல்லைக்குக் கீழே இருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, இதயம், சிறுநீரகம், குடல் சார்ந்த நோய்கள், பெண்குழந்தைகளில் டர்னர் குறைபாடு போன்றவை அரிதாகக் காரணமாகலாம். பிறவித் தைராய்டு குறைபாட்டை முதல் வாரங்களிலேயே கண்டு சிகிச்சை தொடங்கினால் வளர்ச்சியையும் மூளையையும் காக்க முடியும்.

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த அளவைக் கட்டணமின்றி எடுக்கலாம். ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் எடையோடு நீளத்தையும் அட்டையில் குறித்துத் தரும்படி பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும்.