பலகை பரீட்சை வைக்குமா?

கடை வாசலில் தொங்குவது போர்டு. நம் குழந்தைகளுக்குப் பரீட்சை வைப்பதும் போர்டு! பலகை எப்படி ஐயா பரீட்சை வைக்கும்?

ஆங்கிலத்தில் ஆதியில் அது வெறும் பலகைதான். கால் வைத்ததும் மேஜையாயிற்று. மேஜைக்குச் சாப்பாடு வந்தது. சாப்பாட்டுக்கும் அதே பெயர். நம் ஊர் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' அந்த வம்சம்தான். பிறகு மேஜையில் காகிதக் கட்டுகளைப் பரப்பினார்கள். சுற்றி உட்கார்ந்த கனவான்களே 'போர்டு' ஆகிவிட்டார்கள்!

1884-ஆம் வருஷச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் அமைந்தன. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. பிற்பாடு அவை கலைக்கப்பட்டன. ஆனாலும், "நான் போர்டு ஹைஸ்கூலில் படித்தவன்" என்று பெருமையோடு சொல்லும் தாத்தாக்கள் உண்டு.

தமிழில் நாம் 'வாரியம்' என்கிறோம். இது நேற்றுப் பிறந்த சொல் அல்ல. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் இருக்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அங்கே இடம் என்பது குறைதான். ஆனால் ஒரு விதியைப் பாருங்கள்: வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி அங்கே நுழைய முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நுழைய முடியாது!

ஒளிவுமறைவற்ற காரியத்தை ஆங்கிலத்தில் 'அபவ் போர்டு' என்பார்கள். சீட்டாடுகிறவர் கை மேஜைக்கு மேலே தெரிய வேண்டுமாம். போர்டு என்றாலும் சரி, வாரியம் என்றாலும் சரி, கணக்கு மேஜைக்கு மேலே இருக்கட்டும். வரி கட்டுகிறவர்கள் நாம் அல்லவா?