கனல் காட்டாத அடுப்பு

விறகடுப்பு சுடும் என்று நமக்கு எவரும் கற்பித்ததில்லை. புகையும் தணலும் தாமே அதை அறிவித்துவிடும். எரிவாயு அடுப்பிலோ, நீலச் சுடர் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் அறியும். இப்பொழுது பல இல்லங்களுக்கு வந்துள்ள கண்ணாடித் தட்டு மின் அடுப்பு அத்தகையதன்று. மின்சாரத்தை நிறுத்திய சிறிது நேரத்தில் அதன் செம்மை மறைந்துவிடும். துடைத்து வைத்த கரும்பலகைபோல் அமைதியாகக் கிடக்கும். சூடு மட்டும் போயிராது. வாழ்நாளெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நான் இந்தக் கரும்பலகையிடம் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் அந்தியில் அதன்மீது பால் காய்ந்துகொண்டிருந்தது. மின்சாரம் தடைப்பட்டது. பாத்திரத்தைத் துணி கொண்டு இறக்கி வைத்தேன். தட்டு சூடாக உள்ளது என்று காட்டும் சிறு விளக்கு ஒன்று அவ்வடுப்பில் உண்டு. அது எரியவில்லை. ஆதலின் ஆறிவிட்டது என்று எண்ணி, இருட்டில் மேடையைத் தடவிக் கைவிளக்கைத் தேடினேன். உள்ளங்கை நேரே தட்டின்மீது பதிந்தது. எச்சரிக்கை விளக்குக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை அறிவியல் பாடம் நடத்தியவன் மறந்தது வெட்கத்திற்குரியதே. துணைவியார் இட்லி மாவோடு ஓடி வந்தார். மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டா. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கையைக் காட்டுவதே தக்க முதலுதவி. கொப்புளம் பெரிதாயின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவ்வடுப்பை இன்டக்சன் அடுப்பு என்று மயங்குவோர் பலர். தோற்றம் ஒன்றுபோல் இருப்பினும் தொழில் வேறு. இன்டக்சன் அடுப்பில் பாத்திரத்தின் அடியே சூடாகிறது. அதற்குக் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். நாம் பேசும் அடுப்பில், தட்டின் கீழே சுருண்டு கிடக்கும் உலோகக் கம்பி மின்சாரத்தால் செந்நிறமாகக் காய்கிறது. அதினின்று எழும் அகச்சிவப்புக் கதிர்கள் கண்ணாடியை ஊடுருவிப் பாத்திரத்தை அடைகின்றன. கண்ணாடியும் கடுமையாகச் சூடேறுகிறது. அலுமினியம், பித்தளை, எவர்சில்வர் எதுவாயினும் ஏற்கும். அடி தட்டையாக இருந்தால் போதும். குழிந்த இருப்புச்சட்டி நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதால் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகும்.

இவ்வளவு சூட்டில் கண்ணாடி ஏன் வெடிப்பதில்லை? கொதிக்கும் நீரை ஊற்றிய தடித்த கண்ணாடிக் குவளை விரிசல் விடுவதை நாம் கண்டிருக்கிறோம். சூடுபட்ட பகுதி விரிய, படாத பகுதி விரியாது நிற்பதே அதற்குக் காரணம். அடுப்புத் தட்டோ கண்ணாடியும் பீங்கானும் கலந்த தன்மையுடைய தனிப்பொருள். சூட்டில் அது ஏறத்தாழ விரிவதேயில்லை. இவ்வகைப் பொருளுக்கு வழி திறந்தது ஒரு தவறு. 1953ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்னும் வேதியியலார் ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகை செல்சியசில் சூடாக்க உலையில் வைத்தார். உலை பழுதுபட்டு 900 பாகைக்கு ஏறிவிட்டது. உருகிப் போயிருக்கும் என்று திறந்தவர் வெண்ணிறப் பலகை ஒன்றைக் கண்டார். இடுக்கியால் எடுக்கையில் அது நழுவித் தரையில் விழுந்தது. உடையாமல் எஃகுபோல் ஒலித்தது! அந்த வழியில் பின்னர் உருவானவையே இவ்வடுப்புத் தட்டுகள்.

விரியாமையும் சுருங்காமையும் நன்மையே எனினும், வெல்லப்பாகு பொங்கி வழியும்போது அதுவே வினையாகிறது. பாகு தட்டில் ஒட்டிக்கொண்டு, ஆறும்போது சுருங்குகிறது. தட்டு உடன் சுருங்குவதில்லை. ஆகவே பாகு தன்னோடு தட்டின் மேற்பரப்பையும் பெயர்த்துவிடும். மற்ற கறைகளை ஆறியபின் துடைக்கலாம். சர்க்கரையும் உருகிய பிளாஸ்டிக்கும் மட்டும் சூடு இருக்கும்போதே அகற்றப்பட வேண்டியவை. அடுப்பை நிறுத்தி, கைக்குத் தடித்த உறை இட்டு, பிடியுள்ள அலகால் சுரண்டிச் சூடில்லாத ஓரத்திற்குத் தள்ளுக. ஈரத்துணி கூடாது, நீராவி கையைச் சுட்டுவிடும். பாத்திரத்தை இழுக்காமல் தூக்கி வைப்பதும் நன்று. அடியில் ஒட்டிய மணல் தட்டைக் கீறும்.

செந்நிறம் இடையிடையே அணைந்து எரிவதைக் கண்டு அடுப்பு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் சென்றவரை அறிவேன். தட்டின் சூடு அளவு மீறாதபடி உள்ளிருக்கும் உறுப்பு மின்சாரத்தை நிறுத்தித் திறக்கிறது, அவ்வளவே. பால் பொங்கும் தறுவாயில் திருகை அணைத்தால் எரிவாயுச் சுடர் உடனே அடங்கும். இங்கோ தட்டின் சூடு பாலைப் பொங்கவைத்தே தீரும். பாத்திரத்தை இறக்குவது ஒன்றே வழி. ஆனால் அதே மிச்சச் சூட்டைச் சிக்கனத்திற்குப் பயன்படுத்தலாம். குழம்பு இறக்க நான்கைந்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு மூடி வைத்தால் தானே வெந்துவிடும். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் அரை மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவு என்னும் கணக்கை நினைவிற் கொள்க.

அதே 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வரும். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக்கில் இதனைச் செருகுவோர் சுவருக்குள் தீயை வளர்க்கிறார்கள். 16 ஆம்பியர் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் வேண்டும். தட்டில் மயிரிழை விரிசல் கண்டாலும் சுவரிலுள்ள சுவிட்சை உடனே நிறுத்திவிட வேண்டும். விரிசல் வழியே இறங்கும் நீர் மின்கம்பியைத் தொடும். அந்நீரைத் தொடுபவருக்கும் மின்சாரம் பாயும். பிசின் ஒட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள்; தட்டை மாற்றியே ஆகவேண்டும்.

எங்கள் வீட்டில் இப்பொழுது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சமையல் முடிந்து உணவுப் பாத்திரத்தை இறக்கியதும், அரைச் செம்பு நீருள்ள தட்டையடிப் பாத்திரம் ஒன்று அவ்விடத்தில் ஏறிவிடும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், அப்பாத்திரம் இருக்கும்வரை அங்கே கை வைக்கலாகாது என்பது ஐந்து வயதுப் பேத்திக்கும் தெரியும். சற்று நேரத்தில் அந்த நீர் வெதுவெதுப்பாகிவிடும். துணைவியார் அதைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொள்கிறார்.